கராஜுக்குப் போகுமுன்

மாட்டுவண்டில் வைத்திருந்த நம் பாட்டன்மாருக்கு அச்சாணி எங்கே இருக்கின்றது என்பது தெரியும். சில்லுக் கிறீச்சிட்டால் மசகு வற்றிவிட்டது என்று அறிவார்கள். வைக்கோற் கரியும் ஆமணக்கெண்ணெயும் கூட்டித் தாமே மசகு இடுவார்கள். அதற்கென ஒருவரை அழைத்துக் கூலி கொடுத்தார் எவரும் இலர். வட்டை உடைந்தால், ஆரக்கால் முறிந்தால், அப்போது தச்சனிடம் செல்வார்கள். எது தம் கைக்கு அடங்குவது, எது தச்சனின் உளிக்கு உரியது என்ற எல்லை அவர்களுக்குத் தெளிவாய் இருந்தது.

பேரப்பிள்ளைகளாகிய நமக்கு மோட்டார் வண்டி வாய்த்தது. வாய்த்ததும் அந்த எல்லைக்கோடு அழிந்தது. சாவியைத் திருப்புவதும் சுக்கானைப் பிடிப்பதும் நம் தொழில். முன்மூடியைத் திறப்பது பிறர் தொழில் என்று வகுத்துக்கொண்டோம். படித்தவரிடையே இது இன்னுங் கடுமை. வேட்டியில் ஒயில் பட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்பதுபோல் ஒரு கூச்சம். வெண்கட்டித் தூள் கையில் ஒட்டினாற் பெருமை; கரி ஒட்டினாற் சிறுமை. சவர்க்காரத்துக்கோ இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் ஓடித் தேய்ந்த கார்களும் பொன்னாயின. 2022 யூன் மாதத்தில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது. ஆசிரியர் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே இன்று ஓர் ஆசிரியர் வீட்டு முற்றத்தில் கார் நிற்குமாயின் அது பெரும்பாலும் வயது முதிர்ந்த கார். வயது முதிர்ந்தவர்க்கு உள்ள சின்னச் சின்ன நோவுகள் அதற்கும் உண்டு.

கராஜில் தரும் கணக்கில் இரண்டு பகுதிகளைக் காண்கிறோம்: சாமான் விலை ஒன்று, கைக்கூலி ஒன்று. எழுதப்படாத மூன்றாவது பகுதியும் உண்டு. நோய் இன்னதென்று அறியாமற் கழற்றி வீசிய நல்ல சாமானின் விலையே அது. தன் வண்டியைத் தானே திருத்தப் பழகியவன் கைக்கூலியை மிச்சம் பிடிக்கிறான் என்று பலர் எண்ணுகின்றனர். அந்த மிச்சம் உண்மைதான்; ஆனாற் சிறிது. பெருமிச்சம் மூன்றாவதிலேதான் இருக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டு. என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் கார் ஒரு நாட் காலையில் எழும்ப மறுத்தது. அவர் அதை ஒரு கராஜிற் காட்டினார். பற்றறி முடிந்துவிட்டது என்று சொல்லிப் புதியது பூட்டினார்கள். மூன்று மாதத்தில் அதே நோய் திரும்பி வந்தது. இம்முறை முதிய தொழிலாளி ஒருவரை வீட்டுக்கு அழைத்தார்; நானும் உடன் நின்றேன். வந்தவர் முன்மூடியைத் தூக்கினார். ஒன்றையுந் தொடாமற் சற்று நேரம் பார்த்தபடி நின்றார்.

“மாஸ்ரர், பற்றறியில பிழையில்லை. கொழுவியிருக்கிற இடத்திலதான் பிழை. கொஞ்சம் சுடுதண்ணியும் அப்பச்சோடாவும் தாங்கோ” என்றார்.

ஈயக் குமிழையும் அதைக் கவ்வும் உலோகக் கவ்வியையும் வெள்ளையும் பச்சையுமாய் ஒரு பூப்பு மூடியிருந்தது. பற்றறிக்குள் இருக்கும் அமிலத்தின் ஆவி உலோகத்தைத் தின்ற பூப்பு அது. விளக்கு எரிவதற்கும் ஹோர்ண் ஒலிப்பதற்கும் சிறிதளவு மின்சாரம் போதும். அது பூப்பின் ஊடாகவும் கசிந்து போய்விடும். எஞ்சினைச் சுழற்றி எழுப்பும் மோட்டாருக்கோ பெருவெள்ளம் வேண்டும். அடைபட்ட வாய்க்காலில் வெள்ளம் போகாது. புதிய பற்றறி பூட்டியபோது கவ்வி உராய்ந்து சற்றே துப்புரவாயிற்று. அதனால் மூன்று மாதம் ஓடிற்று. அந்த மூன்று மாதமே பழைய பற்றறிதான் குற்றவாளி என்பதற்குச் சான்றாகவுங் கொள்ளப்பட்டது. தருக்க நூல் படிக்கும் மாணவர்க்குப் போலிக் காரணத்துக்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. பழைய பற்றறி எங்கே போயிற்றோ! அது இன்னும் யாருடைய வண்டியிலேனும் நன்றாய் உழைத்துக்கொண்டிருக்கலாம்.

பூப்பைக் கழுவுவது கால்மணி நேர வேலை. அமிலம் கண்ணிலும் தோலிலும் படலாகாது. பற்றறியிலிருந்து எரியக்கூடிய வாயு எழும் ஆதலின் அருகே சுருட்டு முதலிய நெருப்பு ஆகாது. கழுவித் துடைத்து, கவ்வியை இறுக்கி, மேலே சிறிது வாஸ்லீன் பூசிவிட்டால் பூப்பு எளிதில் திரும்பாது. இவ்வேலையில் ஒரு விதி உண்டு. இரண்டு கவ்விகளுள் எதை முதலிற் கழற்றுவது? கறுப்பை, அதாவது எதிர்முனையை, முதலிற் கழற்று என்று சொல்லிக் கொடுப்பார்கள். இக்காலக் கார்களுக்கு அது சரி. ஆயின் நம் ஊரிற் பல ஆண்டுகள் ஓடிய மொறிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலக் கார்களில் நேர்முனையே வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அங்கே அந்த மனப்பாடம் கைகொடாது. உடலோடு இணைந்த முனை எதுவோ அதை முதலிற் கழற்றுக என்பதே விதியின் உயிர். அம்முனை இணைந்திருக்கும்போது மற்றை முனையைக் கழற்றப் புகுந்து ஸ்பானர் தவறி உடலிற் பட்டால், மின்சாரம் ஸ்பானர் வழியே பாய்ந்து தீப்பொறி பறக்கும், ஸ்பானரும் பழுக்கும். இணைப்பை முதலில் விடுவித்துவிட்டால் எங்கே பட்டாலும் ஒன்றும் இல்லை. காரணம் அறிந்தவனுக்கு நிறம் மாறினாலும் நாடு மாறினாலுங் கவலை இல்லை.

இப்படிக் காரணம் அறிந்து வண்டி ஓட்டிய ஒரு காலம் யாழ்ப்பாணத்துக்கு இருந்தது. விரும்பித் தேடிய அறிவன்று. முடை புகட்டிய அறிவு.

1990ஆம் ஆண்டின் நடுவிற் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிலே பெற்றோலும் பற்றறியும் உதிரிப் பாகங்களும் அருமையாய்ப் போயின. அந்நாளில் நான் மாணவன். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. புதுமோஸ்தர்க் கார்கள் பல ஓலைக் கொட்டிலுக்குள் உறங்கின. தெருவில் ஓடியவை ஒஸ்ரின் ஏ-40 போன்ற, எங்கள் தந்தையர் காலத்து, ஏன், பாட்டனார் காலத்துக் கார்கள். ஓடியது மண்ணெண்ணெயில்.

இது மாயமன்று. மண்ணெண்ணெய் குளிர்ந்திருக்கும்போது எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெய் எஞ்சினுக்குள் எரியாது. ஆதலால் அரிதிற் கிடைத்த பெற்றோலிற் சிறிதளவை மாத்திரம் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பிச் சூடேற்றுவார்கள். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். பழைய எஞ்சின்கள் காற்றையும் எண்ணெயையும் அதிகமாய் நெருக்கி அமுக்குவதில்லை. அந்தச் சாந்த குணத்தால் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. பிற்காலத்து எஞ்சின்கள் இறுக அமுக்குபவை. மண்ணெண்ணெய் கொடுத்தால் உள்ளே சம்மட்டி அடிப்பதுபோல் ஓசை எழும். ஆங்கில நாட்டிலும் உழவு இயந்திரங்களை இதே முறையிற் பெற்றோலில் எழுப்பி மலிந்த எண்ணெயில் ஓட்டியதுண்டு. அங்கே அதற்கென்று இயந்திரத்தை அமைத்துக் கொடுத்தார்கள். இங்கே ஓட்டுகிறவனே அமைத்துக்கொண்டான். வேறுபாடு அதுதான்.

அப்படி ஓட்டியவனுக்கு எஞ்சினின் உள்ளம் தெரியாமல் ஒரு நாளுங் கழியாது. மண்ணெண்ணெய் முழுவதும் எரியாமற் கரியாகும். பிளக்கிற் கரி படியும். படிந்தாற் பொறி பறக்காது. ஆகவே பிளக்கைக் கழற்றித் துடைப்பது விளக்குச் சிமினி துடைப்பதுபோல் வீட்டு வேலை ஆயிற்று. இன்னொன்று: எரியாத எண்ணெய் பிஸ்ரனின் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் அளக்கும் கோலை எடுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதிலாய் ஏறியிருக்கும்! அறியாதவன் மகிழ்வான். அறிந்தவன் விரலிடைத் தேய்த்துப் பார்ப்பான். மண்ணெண்ணெய் மணத்தால், நீர்த்துவிட்டது என்று கண்டு ஒயிலை மாற்றுவான். 2002ஆம் ஆண்டில் ஏ-9 பாதை திறந்தது; பெற்றோல் வந்தது; புதிய கார்களும் வந்தன. அந்த அறிவு மட்டும் வந்த வழியே திரும்பிப் போயிற்றுப் போலும்.

பிளக்கைப் பற்றி மேலுஞ் சிறிது சொல்ல வேண்டும். எஞ்சின் எழுதும் நாட்குறிப்பு என்று அதைச் சொல்லலாம். கழற்றி எடுத்த பிளக்கின் நுனி வெளிறிய கபில நிறமாயிருந்தாற் சுகம். உலர்ந்த கறுப்புக் கரி படிந்திருந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கின்றது. ஈரமாய் ஒயில் பிசுபிசுத்தால் உள்ளே வளையங்களோ வால்வுகளோ தேய்ந்திருத்தல் கூடும். அது பெரிய செலவின் தூதன். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகைச் சூடு. 948 கன செ.மீ. எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனருக்குப் பிளக்கின் இரு நுனிகளுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு இடைவெளி வேண்டும். அதனை அளக்கும் தகட்டுக் கொத்து மலிந்த விலைக்குக் கிடைக்கும். நான்கு வயர்களையும் ஒரேயடியாய்ப் பிடுங்கலாகாது. ஒன்றைக் கழற்றிப் பூட்டியபின் அடுத்ததைத் தொடுக. அவ்வெஞ்சின் எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2 என்பது. சீர் இடம் மாறினாற் செய்யுளில் தளை தட்டும். இங்கே வண்டியே தட்டும். பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது முதற் சுற்றுக்களைக் கைவிரலாலேயே திருக வேண்டும். புரி பிணங்கினால் விரலுக்குத் தெரியும், ஸ்பானருக்குத் தெரியாது.

ஸ்பானர் என்றதும் ஓர் இலக்கணச் சிக்கல் குறுக்கிடுகின்றது. 1841இல் யோசேப் விற்வேத் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் புரிகளுக்கு ஒரு பொது ஒழுங்கை முன்வைத்தார். அதுவரை ஒரு பட்டறையின் நட்டு மற்றொரு பட்டறையின் போல்ட்டுக்குப் பொருந்தாது. அவர் மரபில் வந்த ஸ்பானர்களில் எழுதியிருக்கும் அளவு போல்ட்டின் தண்டினுடைய தடிப்பு. பின்வந்த அமெரிக்க மரபு ஸ்பானர்களில் எழுதியிருப்பது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையேயுள்ள அகலம். இரண்டும் அங்குலக் கணக்கே. ஆகவே இரண்டு ஸ்பானர்களில் ஒரே எண் இருக்கும். வாய் வெவ்வேறு அளவாயிருக்கும். மூன்றாவது, ஜப்பானியக் கார்களின் மில்லிமீற்றர் மரபு. இதில் 10, 12, 14, 17 என்ற நான்கும் இருந்தாற் பெரும்பான்மை வேலை நடக்கும். ஏறத்தாழப் பொருந்துகிறது என்று வேற்று மரபு ஸ்பானரைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலைகள் மழுங்கும். மழுங்கிய நட்டைக் கழற்றக் கராஜில் அரைநாட் கூலி. எனவே பெரிய பெட்டியாய் நூறு கருவி வாங்குவதினும், தன் வண்டியின் மரபுக்குரிய நல்ல ஸ்பானர் ஆறேழு வாங்குதல் சிக்கனம்.

பழைய வண்டிக்கு இதெல்லாம் ஒக்கும். இன்றைய கார் முழுவதுங் கணினி அன்றோ என்று கேட்பார் உளர். கணினிதான். ஆனாற் காற்று வடிகட்டி இன்னும் நான்கு கொக்கிகளுக்குக் கீழேதான் இருக்கின்றது. நம் செம்மண் தூசி அதனை இன்னும் அடைக்கின்றது. ரயரும் பழைய மொழியிலேயே பேசுகின்றது. இரு ஓரமுந் தேய்ந்தாற் காற்றுக் குறைவு. நடு மட்டுந் தேய்ந்தாற் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டுந் தேய்ந்தாற் சில்லின் நேர் பிசகியிருக்கிறது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது சாரதியின் கதவைத் திறந்தாற் பெரும்பாலும் அங்கேயே ஒட்டியிருக்கும். நாமோ எரிபொருள் நிலையத்துச் சிறுவனைக் கேட்கிறோம். அவன் எல்லா வண்டிக்கும் ஒரே எண் வைத்திருக்கிறான்.

கணினியும் பகைவன் அன்று. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு ஒரே வகைச் செருகுவாய் கட்டாயமாக்கப்பட்டது. பிற நாடுகளுந் தொடர்ந்தன. சுக்கானுக்குக் கீழே இருக்கும் அவ்வாயிற் சிறிய கருவி ஒன்றைச் செருகினாற் குற்றத்தின் குறியீட்டைக் காட்டும். ‘பி0171’ என்று காட்டுகிறது என்க. எஞ்சினுக்குள் காற்றின் பங்கு மிகுதி, எரிபொருளின் பங்கு குறைவு என்பது அதன் பொருள். இதுவே சூத்திரம். சூத்திரத்தை மட்டும் வைத்துப் பொருள் சொல்லப் புகுந்தவன் உடனே ஓர் உணரியை வாங்கி மாற்றுவான். உரையாசிரியனோ காரணங்களை ஒவ்வொன்றாய் விரிப்பான்: எங்கேனும் ரப்பர்க் குழாய் வெடித்துக் கள்ளக் காற்றுப் புகுகிறதா? காற்றை அளக்கும் உணரியில் அழுக்கா? எரிபொருட் பம்பு தளர்ந்ததா? செலவு இல்லாததை முதலிலும் செலவு மிக்கதை இறுதியிலும் வைத்து ஆராய்வான். வெடித்த குழாய்க்கு ஆவது சொற்பக் காசு. சூத்திரத்தை மாத்திரம் படித்துப் பணம் வாங்குவோர் இத்துறையிலும் உளர். நம் துறையில் அவர் தொகை இன்னும் அதிகம் என்பது வேறு கதை.

கடந்த சில ஆண்டுகளில் நம் தெருக்களை நிறைத்த கலப்பு மின் கார்களில் ஒரு நுட்பம் உண்டு. அவற்றின் பெரிய பற்றறியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கையை ஒட்டிய சிறு வாயில் வழியே உட்செல்கின்றது. அவ்வாயில் தூசியாலும் நாய்மயிராலும் அடைபடும்; நாம் துணிப்பையை அதன் முன்னே வைத்து அடைப்பதுமுண்டு. பற்றறி வேகும், வாழ்நாள் குறுகும். புதியது வாங்கும் விலை கேட்டாற் காரையே விற்றுவிடலாம் என்று தோன்றும். அவ்வாயிலின் வடிகட்டியைத் தூசி தட்டுவதற்கோ ஒரு தூரிகை போதும். ஆனால் அதே காரிற் செம்மஞ்சள் நிற உறையிட்ட வயர்கள் உள. அவற்றிற் கை வைக்கலாகாது. அவற்றில் ஓடுவது ஆளைக் கொல்லும் மின்சாரம்.

தச்சனின் உளிக்குரிய எல்லை அங்கே தொடங்குகின்றது. பிறேக்கும் அவ்வெல்லைக்கு அப்பாலது. பிறேக் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்கலாம். குறைந்திருந்தால் ஏன் குறைந்தது என்று கேட்கலாம். அதற்குமேல் தொழிலறிந்தவர் பக்கத்தில் நின்று பழகாதவன் கழற்றுதல் தகாது. பழைய பிறேக் கட்டைகளில் கன்னார் சேர்ந்திருக்கும். அத்தூளை வாயால் ஊதுவது நுரையீரலுக்கு நஞ்சு. சூடான றேடியேற்றரின் மூடியைத் திறப்பவர் முகம் வெந்து வருந்துவர். உள்ளே நீர் அமுக்கத்தில் அடங்கிக் கிடக்கின்றது, மூடி தளர்ந்த கணமே கொதித்துச் சீறும். எல்லாவற்றினுங் கொடியது ஜக்கு. ஜக்கு என்பது சில்லு மாற்றும் அளவுக்கு வண்டியைத் தூக்கும் கருவி. தாங்கும் கருவி அன்று. ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுப்பவர் தம் நெஞ்சின்மேல் ஒரு தொன் இரும்பைத் தொங்கவிட்டுக்கொள்கிறார். உரிய தாங்கிகளை வைத்து, மற்றைச் சில்லுகளுக்குக் கட்டை இட்டு, சமதரையில் நிறுத்தி, கையால் அசைத்துப் பார்த்து, அதன்பின்பே குனிய வேண்டும். தாங்கி இல்லையேல் அவ்வேலையே வேண்டாம். மிச்சமாகும் காசு அந்தியேட்டிக்குங் காணாது.

இப்படி எல்லாருந் தாமே செய்யப் புகுந்தாற் கராஜ்காரன் எப்படிப் பிழைப்பான் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி; நம் ஊரில் அத்தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் உள. அந்த முதிய தொழிலாளியிடமே இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். “மாஸ்ரர், ‘ஏதோ சத்தம் கேக்குது’ எண்டு கொண்டுவாறவையின்ர காராலதான் எங்களுக்குக் கரைச்சல். எப்ப கேக்குது, எங்க கேக்குது, பிறேக் பிடிக்கேக்கையோ திருப்பேக்கையோ எண்டு சொல்லத் தெரிஞ்ச ஆள் வந்தால் அரைவாசி வேலை முடிஞ்சுது” என்றார். நோயைச் சொல்லத் தெரியாத பிள்ளையை வைத்தியரிடங் கொண்டுபோனாற் படும் பாடுதான் அவர் படும் பாடும். நோயாளி வாய் திறந்தால் வைத்தியனுக்கு வேலை குறையுமே தவிர மதிப்புக் குறையாது.

ஒயில் மாற்றுவது வீட்டிலே செய்யத்தக்க வேலைகளுள் ஒன்று. எஞ்சின் இளஞ்சூடாய் இருக்கும்போது அடியிலுள்ள ஆணியைக் கழற்றி வடித்து, வடிகட்டியையும் மாற்றி, புத்தகத்திற் சொல்லிய அளவும் தரமும் கொண்ட புதியதை ஊற்ற வேண்டும், அவ்வளவே. இடர் அதன்பின் வருகின்றது: வடித்த கழிவொயிலை என்ன செய்வது? கறையானுக்கு என்று தூணிற் பூசுவதும், புழுதி அடங்கட்டும் என்று ஒழுங்கையில் ஊற்றுவதும் நம் பழக்கம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் இருக்கின்றது. நமக்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பது கிணற்று நீர். மேலே ஊற்றியது கல்லின் வெடிப்புக்களூடே கீழே இறங்கும். இறங்கியதை மீட்க வழியில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை 2015ஆம் ஆண்டளவில் நாடே பேசிற்று. ஆகவே கழிவொயிலைப் பழைய கலன் ஒன்றில் நிரப்பி, இறுக மூடி, அதனை வாங்கிச் சேர்த்து அனுப்பும் கராஜ் எதுவென்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சிலர் அதற்குச் சிறு காசுந் தருகிறார்கள்.